ஜன்னலில் அடித்த ஆணிகள்

அம்மா,

வேலையை விட்டுவிட்டு வா என்று நீ எத்தனை முறை எழுதினாலும் என் பதில் இதுதான்: மாட்டேன். பள்ளி வேனை நான்தான் ஓட்டுவேன்.

சின்ன வயதில் என்னைக் கடத்திய வழக்கை ஊர் இன்னும் மறக்கவில்லை. சுவரொட்டியில் இருந்த என் முகத்தைக் காட்டித்தான் பிள்ளைகளைப் பயமுறுத்தினார்கள். நீ ஜன்னலை மூடி ஆணி அடித்தாய். அதைப் பார்த்துத் தெருவே ஆணி அடித்தது. ஜெயிலுக்குப் போனது என்னைக் கடத்தியவன் ஒருவன்தான். அடைபட்டுக் கிடந்தது தெருப் பிள்ளைகள் எல்லோரும்.

நேற்று ஒரு தாய் மகளோடு வேன் கதவருகே வந்து தயங்கினார்.

"நீங்க அந்தப் பொண்ணுதானே? பிள்ளையை ஏத்திவிடவே பயமா இருக்கும்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னைவிட உஷாரா யாருங்க உங்க பிள்ளையைப் பார்த்துக்குவாங்க?" என்றேன்.

அவர் மகளின் பையை வாங்கி உள்ளே வைத்தார். பிறகு மகளை ஏற்றிவிட்டார்.

அந்த வாண்டு சும்மா வருமா? எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, காணாமப் போன பொண்ணு நீங்கதானா?"

"இல்லடி. திரும்பி வந்த பொண்ணு."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதற்குள் அந்த ஆணிகளை நீயே பிடுங்கிவிட்டால் சந்தோஷம். இல்லாவிட்டால் நான் பிடுங்குவேன். வேனில் குறடு இருக்கிறது. அடுத்தது அவர் வீட்டு ஜன்னல்தான் என்று பக்கத்து வீட்டு அத்தையிடமும் சொல்லி வை.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்காரி