வழக்கம் என்று நான் சொன்னது

என் கமலாக் கண்ணுக்கு,

நாங்க ஊருக்கே, கோவில்பத்துக்கே திரும்பி வந்துட்டோம்டி. பிரான்சு போதும்னு இவர் சொல்லிட்டார். நேற்று போலகம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "கோர்ட்டுல நீ ஒருத்திதான் என் பொண்ணுக்காக வாயைத் திறந்த" என்று அழுதாங்க. அவங்க முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எமர்ஜென்சி முடிஞ்ச மறுவருஷம், பிரெஞ்சுக் குடியுரிமை மாப்பிள்ளைகளைக் கட்டிக்கிட்டு பிரான்சில் ஒரே கட்டடத்தில் குடிபோனோம். நீ நாலாவது மாடி, நான் மூணாவது. என் எதிர்வீட்டு வெள்ளைக்கார அம்மா, நாம மதாம்னு கூப்பிடுவோமே, அவங்க மகள் கல்யாணம் செய்யாமலே ஒருத்தரோடு வாழ்ந்ததைப் பார்த்து முதலில் திகைச்சுப் போனோம். அப்புறம் நீதான் சொன்ன: "அவங்க வழக்கம் அவங்களுக்கு. நம்மளை அவங்க குறை சொல்றாங்களா?" எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அப்படி நினைச்சதால்தான் அந்த ஊரில் எல்லாரோடும் நல்லபடியா பழக முடிஞ்சது.

உன் வீட்டுக்காரர் கை நீட்டுவது எனக்குத் தெரியும். கோடையிலும் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வருவ. கேட்டால், "ஊருக்கு எழுதிடாதே வசந்தா, அம்மா தாங்க மாட்டாங்க" என்று சொல்லுவ.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேலே சத்தம். மதாம் என் கதவைத் தட்டினாங்க.

"போலீசைக் கூப்பிடட்டுமா? உங்க ஊர்ப் பெண். நீங்கதான் சொல்லணும்."

"வேண்டாம் மதாம். புருஷன் பொண்டாட்டி விஷயம். எங்க ஊர் வழக்கம் இப்படித்தான்."

"அப்படின்னா நான் தலையிடக் கூடாது, மன்னிச்சுக்குங்க" என்று போயிட்டாங்க. நான் உள்ளே வந்து அடுப்பில் இருந்த குழம்பைக் கிளறினேன். சாயங்காலம் உன்னை முகத்தோடு சேர்த்துத் துணி போர்த்தி இறக்கிக் கொண்டுபோனாங்க.

எந்த ஊர் வழக்கம் கமலா அது? நான் பிறந்த நெரவியில் எங்க அப்பா ஒரு நாளும் அம்மாவை அடிச்சதில்லை. உன் அப்பாவும் அடிச்சதில்லை. வெள்ளைக்காரங்க முன்னாடி நம்ம மானம் போகக் கூடாதுன்னு அப்படிச் சொன்னேனா? இல்லை, நீ கேட்டுக்கிட்டதுக்காகவா? அஞ்சு வருஷமா இதையேதான் யோசிக்கிறேன்.

கோர்ட்டில் உன் வீட்டுக்காரர் செஞ்சதை எல்லாம் சொன்னேன். நான் செஞ்சதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் அம்மா வளர்க்கிற உன் மகளுக்கு இப்போ எட்டு வயசு. உன்னை மாதிரியே ஒரு பக்கமாத் தலையைச் சாய்ச்சுச் சிரிக்கிறாள். நேற்று என் மடியிலேயே தூங்கிட்டாள்.

வர்ற வெள்ளிக்கிழமை மறுபடியும் போலகம் போறேன். மதாமிடம் நான் என்ன சொன்னேன் என்பதை உன் அம்மாவிடம் சொல்லிடுவேன். வெளியே போ என்றால் போயிடுவேன். உன் மகள் வளர்ந்த பிறகு அவளிடமும் நானே சொல்வேன். அதுக்கப்புறமும் அவள் என்னைக் கூப்பிட்டால், எந்த நேரமானாலும் ஓடி வருவேன்.

உன் மகளுக்குப் பெரியம்மா,
வசந்தா