ஜெபிக்கச் சொன்னவரை அனுப்பிய பிறகு

சாயங்காலம் பாப்பாவைத் தூக்கியதும் அவள் தலையில் சாம்பிராணி வாசம். எஸ்தர் அக்கா குளிப்பாட்டிப் புகை காட்டி வைத்திருந்தார். நாளைக்கு அவர்கள் சர்ச் வளாகத்து வீட்டைக் காலி செய்கிறார்கள். அந்த ஈரத் தலையில் முகத்தை வைத்தபடி சேலையூர் ரோட்டில் நடந்துவந்தேன். இப்போது பாப்பா தூங்கிவிட்டாள், இவரும் தூங்கிவிட்டார். உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. நீதான் இல்லை.

சாமுவேல் அண்ணனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டோம். மணியடித்து, கோயிலைக் கூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த அதே அண்ணன்தான். நீ வைத்திருந்த கமிட்டிச் செயலாளர் பொறுப்பு இப்போது என் தலையில். நான் வேலைக்குப் போகும்போது பாப்பாவைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி எஸ்தர் அக்கா. அந்த மடியில் தவிர பகலில் அவள் எங்கும் தூங்க மாட்டாள்.

அவர் குடித்ததில்லை. மணி ஒருநாளும் தாமதமானதில்லை. காதும் வாயும்தான். பாஸ்டர் அறையில் யாராவது அழுதால், ஜன்னலுக்கு வெளியே துடைப்பம் சத்தம் நின்றுவிடும். மதியத்துக்குள் அது டீக்கடை வரை போயிருக்கும். வம்பாகப் போகாது, ஜெபக்குறிப்பாகப் போகும். "அந்த வீட்டுக்காக ஜெபிச்சுக்கோங்க, பாவம்" என்று ஆரம்பித்து, எதற்காக என்பதையும் சொல்லி முடிப்பார். ஜெபிக்கச் சொல்கிற மனுஷனை யார் அதட்டுவது? நாம் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தானே பேசுகிறோம்.

உன் கட்டியைப் பற்றி நீ பாஸ்டரிடம் மட்டும் சொல்லியிருந்தாய். கிறிஸ்துமஸ் கழியட்டும், அம்மாவிடம் பிறகு சொல்லலாம் என்றிருந்தாய். அதற்குள் பல்லாவரம் சந்தையில் ரோஜாச் செடி பேரம் பேசிக்கொண்டிருந்த உன் அம்மாவின் கையை யாரோ பிடித்து, "உங்க பொண்ணுக்காக உபவாசம் இருக்கேன்மா, மார்ல கட்டியாமே" என்று கேட்டுவிட்டார்கள். அம்மா செடித் தொட்டியைக் கட்டிக்கொண்டு வெயிலில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்களாம்.

பொருளாளர் அங்கிள் அந்த வாரமே அவரை அனுப்பச் சொன்னார். நீ மாட்டேன் என்றாய். பாஸ்டர் அங்கி மாட்டும் அறைக்கு அவரைக் கூப்பிட்டாய். நான் பக்கத்தில் நின்றேன். கத்துவாய் என்று நினைத்தேன்.

"அண்ணா, இனிமே எனக்காக ஜெபிக்காதீங்க. எனக்குத் தெரியாம யாரையும் ஜெபிக்கவும் வைக்காதீங்க."

அவர் குலுங்கி அழுதார். வெளியே வந்ததும் நீ என் காதில், "இப்ப அழுததையே போய் ஜெபக்குறிப்பா குடுப்பாரு பாரு" என்றாய். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏன்டி விட்டுட்ட என்று கேட்டேன். "இவரைப் பழைய சர்ச்ல சால்வை போத்தி அனுப்புனாங்க, நாம நல்லவருன்னு எடுத்துக்கிட்டோம். நாமளும் போத்தி அனுப்புனா அடுத்து யாரு தலையில போய் விடியும்?"

நீ இருந்தவரை அவர் அடங்கித்தான் இருந்தார். நீ கண்மூடிய பிறகு, போன மாதம், சபைப் பெண் ஒருத்தி பாஸ்டரிடம் வந்து அழுதாள். என் வயதுதான், கைக்குழந்தைக்காரி. வீட்டில் அடிக்கிறான் என்றாள். அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் புருஷனின் காதுக்கு ஜெபக்குறிப்பு போய்விட்டது. இப்போது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அம்மா வீட்டில் இருக்கிறாள்.

கமிட்டியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இனி வேலை இல்லை என்று நான்தான் அவரிடம் சொன்னேன், அதே அறையில். அவர், "தப்பா ஒண்ணும் சொல்லலியேம்மா, ஜெபிக்கத்தானே சொன்னேன்" என்றார். நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

ஆனாலும் சால்வை போர்த்தினோம். "நல்லபடியா அனுப்பிடணும்மா, இல்லாட்டி நாளைக்கு நாமளும் ஜெபக்குறிப்பு ஆயிடுவோம்" என்றார் பொருளாளர் அங்கிள். ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் நம் சகோதரருக்கு வேறொரு ஊழியத்தின் வாசலைத் திறந்திருக்கிறார் என்று மைக்கில் வாசித்தது நான். சபை அழுதது. அந்தப் பெண் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

இன்று மதியம் கூடுவாஞ்சேரிப் பக்கத்து சர்ச் ஒன்றிலிருந்து போன். அண்ணனுக்கு வீட்டோடு வேலை தருகிறார்களாம். "ஆள் எப்படிம்மா, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் பாப்பாவை வாங்கப் போனபோது எஸ்தர் அக்கா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நீங்க நல்லதா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. வேற போக்கிடம் இல்ல" என்றார். பாப்பா அவர் புடவையை விடாமல் பிடித்துக்கொண்டாள். நான் விரல் விரலாகப் பிரித்தேன்.

வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குப் போன் செய்தேன். எல்லாம் சொன்னேன். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை, கையைச் சொன்னேன். வீட்டை மட்டுமாவது கொடுங்கள், பாஸ்டர் அறைப் பக்கம் விடாதீர்கள், எஸ்தர் அக்கா எந்த வேலையும் செய்வார் என்று கெஞ்சினேன். கமிட்டியில் வைக்கிறோம் என்றார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் எனக்கும் தெரியாதா?

நாளைக் காலையில் லோடு வண்டி வந்துவிடும். எங்கே போகச் சொல்வார்கள்? அவர்களுக்காக இரண்டு வீடுகளில் வாடகைக்குக் கேட்டுப் பார்த்தேன், இல்லை என்றுவிட்டார்கள். சொன்னது நான்தான் என்று எஸ்தர் அக்காவிடம் நானே போய்ச் சொல்லிவிட வேண்டும், யாராவது ஜெபிக்கச் சொல்லி அது அவர் காதுக்குப் போவதற்கு முன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? எவ்வளவு யோசித்தும் உன் குரல் வரவில்லை.

நினைவுக்கு வருவது உன் ஆஸ்பத்திரிக் கட்டில் மட்டும்தான். உன் அம்மா காபி வாங்கப் போயிருந்தார்கள். என் தலையை இழுத்து உன் வாயருகே வைத்துக்கொண்டு ஒன்று சொன்னாய். யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாய். அது பாஸ்டருக்குத் தெரியாது, இவருக்குத் தெரியாது. முழங்காலிடும்போது எத்தனையோ தடவை தொண்டை வரை வந்திருக்கிறது. கடவுளிடம்கூட அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஜன்னல் திறந்திருக்குமோ என்று. அப்படியே என்னிடம் இருக்கிறது.