என்ஜினுக்கு வைத்த சாமந்திப்பூ

என் அக்காவுக்குத் தாலி கட்டிவிட்டு, ஒரு பழைய மோட்டார் சைக்கிளோடு குடும்பம் நடத்திய என் அன்பு மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்காவுக்கு முட்டிவலி. எனக்கு நேற்றிலிருந்து கணுக்கால் வீக்கம், அதற்குக் காரணம் உங்கள் வண்டி. நிதானமாகவே சொல்கிறேன், அங்கே உங்களுக்கு வேறு என்ன அவசர வேலை இருக்கப்போகிறது?

நீங்கள் போன பிறகு வந்த ஆயுத பூஜைகளில் உங்கள் வண்டியை ஆள் வைத்துத் தள்ளித்தான் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினோம். தெருவில் புதிதாக வந்த ஸ்கூட்டியெல்லாம் புர்ரென்று கிளம்பிப் பழத்தை நசுக்கிவிட்டுப் போகும். உங்களுடையதை மட்டும் முன்னால் இரண்டு பேர் இழுக்க, பின்னால் இரண்டு பேர் முக்க வேண்டும். இந்த வருடம் அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"இந்த வாட்டி அதுவா ஓடிப் பழத்த நசுக்கணும் மாதேஸ்வரி. இல்லன்னா காயலாங்கடைக்குப் போட்டுர்றன். அவரு வண்டியப் பொணம் மாதிரி தள்ளிக்கினு போறத இனி என்னால பாக்க முடியாது."

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, தளி ஊரில் இருக்கும் உங்கள் சிநேகிதர் நஞ்சப்பா அண்ணனுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உங்களோடு சண்டை போட்டுவிட்டு உங்கள் காசிலேயே டீ குடிப்பாரே, அவர்தான். மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு இப்போது ரோஜாத் தோட்டம் போட்டிருக்கிறார்.

வந்தவர் வண்டியைப் பார்த்ததும் அசந்துபோனார். வெளியே அப்படி ஒரு பளபளப்பு. பின்னே? அக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஓஸ் பைப்பால் அதைக் குளிப்பாட்டி, சந்தனம் பூசி, பூ வைக்கிறாள். உங்கள் போட்டோவுக்கு முன்னால் இருக்கும் மெடலுக்கும் தினமும் குங்குமம். ஆஸ்பத்திரியில் உங்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்து, வாட்ச், மோதிரத்தோடு கொடுத்தார்களே, அதுதான். "கம்பெனியில குடுத்த மெடலு, பெருமைக்காரர் இல்ல, யார்கிட்டயும் சொல்லல" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். எங்களை யாரையும் தொடவிட மாட்டாள்.

நஞ்சப்பா அண்ணன் என்ஜின் ஆயிலைக் கீழே இறக்கினார். கறுப்பாக வர வேண்டியது பால் காபி நிறத்தில் வந்தது. அதில் இதழ் மிதந்தது. மேலே ஆயில் ஊற்றும் வாயில் ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் கிளறினார், ஒரு காம்பு வந்தது.

"ஏனு மாடித்ரி அத்திகே!" என்று அலறினார். உங்கள் பெண்டாட்டியை அவர் இன்னும் கன்னடத்தில்தான் அண்ணி முறை சொல்லிக் கூப்பிடுகிறார். "என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க? இது என்ஜினா, பூக்கடையா?"

அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "அங்க ஒரு ஓட்டை இருந்துச்சு. பூ வெக்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி அளவா இருந்துச்சு. அதான் வாராவாரம் ஒரு சாமந்தி வெச்சன்."

அந்த வாய்க்கு ஒரு மூடி உண்டாம். அதைக் காணோம். பூ போன வழியாகவே வெள்ளிக்கிழமைத் தண்ணீரும் போயிருக்கிறது. நஞ்சப்பா அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்தியால் ஒரு என்ஜினைக் கொல்ல முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

என்ஜினின் வலது பக்க உறையைக் கழற்றினால், வால்வைத் திறந்து மூடும் இரண்டு கேம் ஷாஃப்ட்டும் துருப்பிடித்து, இருந்த இடத்திலேயே இறுகிக் கிடந்தன. டீசல் ஊற்றி ஊறவைத்தோம். சூடு காட்டினோம். மரச்சுத்தியலால் தட்டினோம். ஒன்று வந்துவிட்டது. இன்னொன்றை அவர் கன்னடத்தில் கொஞ்சினார், தெலுங்கில் திட்டினார், கடைசியில் தமிழில் கெஞ்சினார். தமிழுக்குத்தான் மசிந்தது.

"டீசல்லயே கெடக்கட்டும், யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஷிஃப்டுக்குப் போய்விட்டேன். கம்பெனியில் எனக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். பாகங்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உடனே எண்ணெய் பூசிப் பெட்டியில் அடுக்குவது. வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், மொட்டை மாடியில் வடகத்தோடு வடகமாக இரண்டு கேம் ஷாஃப்ட்டும் காய்கின்றன!

"குத்துவிளக்குக்குப் போடற மாதிரி புளி போட்டுத் தேச்சன்டி. எப்பிடி வெளுத்துச்சு தெரியுமா?"

வெளுத்தது உண்மைதான். ஆனால் எண்ணெய் காட்டாமல் ஓசூர் மேகமூட்டத்தில் காயவைத்ததில், புதிதாக மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி மறுபடியும் துரு. இரண்டு வடகத்திலும் ஒட்டியிருந்தது. திரும்ப டீசல், திரும்ப எண்ணெய் தொட்ட மெல்லிய உப்புத்தாள். கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன். நல்லவேளை, துரு மேலோடு நின்றிருந்தது. பல்சக்கரத்தில் இருக்கும் குறிகளைப் புள்ளிக்குப் புள்ளி சரிபார்த்து நஞ்சப்பா அண்ணன் மாட்டினார். எல்லாம் முடிந்தது, அந்த மூடி மட்டும் இல்லை. ஓசூர், பெங்களூர் என்று அலைந்தும் எந்த மூடியின் திருகு மரையும் சேரவில்லை. அது இல்லாமல் ஓட்டினால் ஆயில் முகத்தில் அடிக்குமாம். விடிந்தால் பூஜை.

அன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது அக்கா மெடலைத் துடைக்க எடுத்தாள். அதன் அடிப்பக்கத்தை அப்போதுதான் பார்த்தேன். சுற்றிலும் மரை! மாமா, உங்கள் மெடல் ஒரு ஆயில் மூடி. நீங்கள் போன அன்று காலையில் ஆயில் ஊற்றத் திறந்திருக்கிறீர்கள், நெஞ்சு வலித்திருக்கிறது, கையில் இருந்ததைப் பையில் போட்டிருக்கிறீர்கள். தொலைந்துவிடக் கூடாது என்றா? ஒரு நிமிடத்தில் திரும்பி வந்துவிடலாம் என்றா?

நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. மூடியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"குடுக்க மாட்டன். அவரு கடைசியாத் தொட்டது இதுதான். வண்டி போனாப் போவட்டும்."

நஞ்சப்பா அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வண்டியைத் தள்ளவே ஆள் சொல்லிவிட்டார்.

மறுநாள் தெருவில் பழம் வைத்தாயிற்று. தள்ளுவதற்கு ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அப்போது அக்கா வாசலில் இறங்கி வந்தாள். "ஓரம் போங்க" என்றாள். குங்குமத்தோடேயே அந்த மூடியை என்ஜினில் வைத்துத் திருகினாள். "பத்திரமா வெக்கணும்னுதான பாக்கெட்ல போட்டாரு. வெக்க வேண்டிய எடம் இதுதான்."

நான்தான் ஏறி உட்கார்ந்தேன். முதல் உதையில் உங்கள் வண்டி என் கணுக்காலைத் திருப்பி உதைத்தது. அதற்கும் உங்கள் குணம்தான். அடுத்த உதையில் தெருவெல்லாம் புகை, அப்புறம் அந்தச் சத்தம்! பழம் நசுங்கியது. பிரேக் என்று வலது காலை அழுத்தினேன். இந்த வண்டிக்கு அங்கே கியர் என்று யார் சொன்னார்கள்? எதிர்வீட்டுப் பூசணிக்காயும் உடைந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவே இல்லை. நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

மெடல் இருந்த இடத்தில், உங்கள் போட்டோவுக்கு முன்னால், இப்போது அந்த நசுங்கிய எலுமிச்சம்பழம் இருக்கிறது. குங்குமமும் வைத்திருக்கிறாள். காய்ந்து கறுத்தாலும் எடுக்க மாட்டாளாம்.

இனி வண்டிக்கு ஓஸ் பைப் கிடையாது, ஈரத்துணி மட்டும்தான். சாமந்தி ஹேண்டில்பாரோடு நிற்கும். உங்கள் மூடியை வெள்ளிக்கிழமைதோறும் நானே இறுக்கிப் பார்க்கிறேன், சத்தியம். கணுக்கால் வீக்கம் வடிந்ததும், பிரேக் எந்தப் பக்கம் என்று கற்றுக்கொண்டு, அக்காவைப் பின்னால் உட்காரவைத்துத் தளி வரை கூட்டிப்போகிறேன்.

உங்களிடம் உதை வாங்கிய,
ஒரே கொழுந்தியாள்,
மாதேஸ்வரி