நாலு மணி அளவு

மார்ச் 4

அளவுக்காரருக்கு,

நலமா? பத்தொன்பது வருஷம் கழித்து இவளுக்கு என்ன திடீர் அக்கறை என்று புருவத்தைத் தூக்க வேண்டாம். வேலையாகத்தான் எழுதுகிறேன். நம் ஏரிப் படித்துறைக்கு நூறு வயதாகிறது. ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போடும் வேலையை நூலகத்தின் தலையில் கட்டிவிட்டார்கள், அதாவது என் தலையில். ஏழு வருஷம் தினமும் மதகில் நீர்மட்டம் அளந்து எழுதியவர் நீங்கள். அச்சுப்படி அனுப்பியிருக்கிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள். அதற்குக் கூச்சப்படுகிற ஆளா நீங்கள்!

முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்தீர்களா, இல்லை இன்னும் நாளைக்கு நாளைக்குத்தானா?

நூலகக்காரி

மார்ச் 19

நூலகக்காரிக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணாடியைத் தேடினேன். அது மூக்கின்மேல்தான் இருந்தது.

எல்லாம் சரி, நாற்பத்தோராம் பக்கத்துப் படத்தைத் தவிர. 'படகுக்குக் காத்திருக்கும் பெண்' என்று போட்டிருக்கிறாய். அவள் காத்திருக்கவில்லை. தூரத்தில் புள்ளியாகத் தெரிவது மணல் தோணி. அது நம் படித்துறைக்கு வந்தது ஒரே ஒரு நாள்தான், படகு பழுதாகி அதில் ஆட்களை ஏற்றிய அன்று. நானும் அதில் இருந்தேன்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இடுப்பில் கைவைத்து நிற்கிற அந்த நிற்பு எனக்குத் தெரியாதா? நீ வந்தாயா? கரையில் ஆள் தெரிகிறவரை பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்! வழியனுப்பக்கூட மனசில்லை என்று கண்டபடி எழுதினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

உன் அளவுக்காரன்

ஏப்ரல் 2

அளவுக்காரருக்கு,

அந்தப் படம் போன மாதம்தான் போட்டோக்காரர் வீட்டில் கிடைத்தது. தப்பான குறிப்பை வேண்டுமென்றேதான் போட்டேன். தப்பைக் கண்டால் உங்களுக்குக் கை சும்மா இருக்காதே.

அன்று காலையில் நோட்டை என்னிடம் நீட்டி, "இன்னைக்கு மட்டும் நாலு மணி அளவை நீ எழுதிடு, ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது" என்றீர்கள். படகு ஐந்துக்குத்தானே என்று மதகுக்குப் போனேன். பழக்கமில்லாத வேலை, சந்தேகப்பட்டு இரண்டு தரம் அளந்தேன். மணல் தோணிக்காரன் நாலரைக்கே கிளம்பிவிடுவான் என்று யார் கண்டது? ஊரின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தேன்.

படத்தை இன்னொரு தரம் பாருங்கள். விளக்குக் கம்பத்தின் பின்னால் கறுப்பாக இருப்பது நிழல் இல்லை, என் பெட்டி. உங்களுக்கு மாற்றல் வந்தபோது, ஊரை விட்டு வரவே மாட்டேன் என்று முதல் நாள்வரை சண்டை போட்டவள்தான். காலையில் நீங்கள் வெளியே போனதும் துணிமணியை எடுத்துவைத்தேன். நான் வந்தது வழியனுப்ப இல்லை, உங்களோடு கிளம்ப.

அடுத்த படகு எட்டு நாள் கழித்து. ஏழாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. பெட்டியைப் பரணில் போட்டுவிட்டேன். எனக்கும் வீம்பு உண்டு. அழுகையும் உண்டு, அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

இன்றைய நாலு மணி அளவு ஒன்பதடி மூன்று அங்குலம். உங்களுக்குப் பிறகு ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

நூலகக்காரி

ஏப்ரல் 15

என் நூலகக்காரிக்கு,

உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். என்ன மடையன் நான்!

பரணில் இருக்கிற பெட்டியைத் தொடாதே. இந்த முறை பெட்டி கட்ட வேண்டியவன் நான். கட்டிவிட்டேன். இருபத்தெட்டாம் தேதிப் படகில் வருகிறேன்.

படகு சீக்கிரம் வந்துவிடுமோ என்று பதறி ஓடிவராதே. நாலு மணி அளவை நிதானமாக எழுதிவிட்டு வா. சந்தேகமாக இருந்தால் இரண்டு தரம் அள. படித்துறையில் அந்த விளக்குக் கம்பத்தடியில் நிற்கிறேன்.

உன் அளவுக்காரன்