பன்னிரண்டு குழிகள்

ஜீலாங்,
3 மார்ச் 2003

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். குயின்ஸ்லாந்து வெயில் உங்கள் முழங்கால் வலிக்கு ஒத்துக்கொண்டதா? போனில் கேட்கலாமென்றால் உங்கள் காதைத்தான் மில் தறிகள் தின்றுவிட்டனவே. அதனால் கடிதம்.

டெஸ்ஸுக்குப் பதினாலு மாதமாகிறது. மண்ணைக் கண்டால் அள்ளி வாயில் போடுகிறாள். நேற்று அவளுக்கு மணல்தொட்டி கட்ட உங்கள் மாப்பிள்ளை டார்சி பள்ளம் தோண்டினார். முழங்கால் ஆழத்தில் பச்சைக் களிமண். ஊறிய தோல் வாடை. உங்களோடு நெய்த ஷர்லி அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். "உங்க அப்பன் எந்த வீட்டுக்குப் போனாலும் எலுமிச்சங்கன்ன மண்ணுல நட்டுட்டுதான் மறுவேல பாப்பாரு. உனக்கு மட்டும் ஏன்டி தொட்டில வெச்சுக் குடுத்தாரு?" என்றார்.

சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டேன். ஏன் அப்பா?

உங்கள் பிரான்வென்

பண்டபெர்க்,
14 மார்ச்

அன்பு மகளே,

தொட்டியில் வைத்தால் வேர் அடங்கியிருக்கும், அவ்வளவுதான். ஷர்லிக்கு வாய் நீளம்.

நீ இருப்பது சாதாரண இடமில்லை. முதலில் ஆட்டுத்தோல் பதனிட்டார்கள், என் தாத்தா காலத்தில். பிறகு மில் வந்தது. போர்க்காலத்தில் ராணுவத்துக்குக் கம்பளி நெய்தோம். சாயப்பட்டறையில் அன்றைக்கு என்ன நிறமோ, பார்வன் ஆறும் அதே நிறத்தில் ஓடும். அந்த மில்லை இடித்த இடத்தில்தான் உங்கள் தெரு. டெஸ்ஸுக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா

ஜீலாங்,
25 மார்ச்

அப்பா,

மண் தின்கிறாள் என்றதும் டாக்டர் சொல்லி, டெஸ்ஸுக்குச் சோதிக்க ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வரும்வரை அவளைத் தரையில் விடுவதில்லை. பகலெல்லாம் இடுப்பில்தான். ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருக்கிறேன். துணிகூட வெளியில் காயப்போடப் பயம். கொல்லைக்கதவைத் தட்டித் தட்டி அழுகிறாள்.

வீட்டை விற்கப் பலகை மாட்டிவிட்டோம். மில்லின் பெருமையை நான் கேட்கவில்லை. என் குழந்தை எதைத் தின்றாள்?

பிரான்வென்

பண்டபெர்க்,
2 ஏப்ரல்

பிரான்,

படித்ததும் எரித்துவிடு.

தோல் ஊறப்போட்ட குழிகள் பன்னிரண்டு. மில் வந்தபோது மண்போட்டு மூடினார்கள், முழுதாக மூடவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் முன்னால் சாயத்தொட்டிகளைக் கழுவுவோம். மிஞ்சிய சாயப் பீப்பாய்களை யாரும் எடுத்துப்போக மாட்டார்கள். அதனால் அந்தக் குழிகளில் உருட்டிவிட்டு, மேலே நின்று பீர் குடிப்போம். 'குழிக்கு விருந்து' என்போம். பத்தொன்பது வருஷம் அந்த விருந்தை நடத்தியவன் நான்தான்.

வீடு பார்க்க வந்த அன்று நீ நிறைவயிற்றோடு ஆற்றைப் பார்த்து நின்றாய். வாய்வரை வந்தது. சொன்னால் நான் செய்ததையும் சொல்லவேண்டும்.

பேசாமல் விற்றுவிட்டு இங்கே வந்துவிடு. டெஸ்ஸுக்குத் தனி அறை தயார் செய்கிறேன்.

கிளைவ், உன் அப்பா

ஜீலாங்,
16 ஏப்ரல்

அப்பா,

டெஸ்ஸின் ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் கூடுதல். இனி உள்ளே போகாமல் இருந்தால் இறங்கிவிடும் என்றார் டாக்டர்.

சனிக்கிழமை வீடு பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம். கொல்லையைப் பார்த்துவிட்டு, "எங்க அம்மாகிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க. புள்ள தவழ எவ்ளோ இடம்," என்றாள். டார்சி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். நானும் பேசாமல்தான் நின்றேன். வாசல்வரை போனார்கள். பிறகு கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து டார்சி என்னோடு பேசுவதில்லை.

உங்கள் கடிதத்தை எரிக்கவில்லை. நகராட்சியில் கொடுத்துவிட்டேன். மில்லில் வேலை செய்தவர் யாராவது சொன்னால்தான் தெருவைத் தோண்டிப் பார்ப்பார்களாம். ஷர்லி அத்தை வேலியருகே வந்து, "என் வீட்டையும் சேத்துப் பொதச்சிட்டியேடி," என்றார். உண்மைதான். இந்தத் தெருவில் இனி யார் வீடும் விலைபோகாது. எங்களால் அங்கே வர முடியாது. விற்க முடியாத வீட்டை விட்டு எங்கே போக?

எந்தெந்தக் குழி எந்தெந்த வீட்டின் கீழே இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். எங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம்.

பிரான்வென்