இறக்கை மாட்டுவதற்கு முன்

மார்ச் 3, ஞாயிறு

நாலாவது மோட்டாரையும் பொருத்தியாயிற்று. மொத்தம் பன்னிரண்டு ஈயப் பற்றவைப்பு, ஒன்றுகூடச் சொதப்பவில்லை. நாள் முழுக்கக் காது கேட்கும் கருவிகளைப் பிரித்துப் பழுது பார்ப்பவளுக்கு இது பெரிய காரியம் இல்லைதான். அங்கே கம்பி தலைமுடி கனம்தான் இருக்கும், இங்கே தீக்குச்சி கனம். ஆனாலும் மனசு துள்ளுகிறது. முப்பத்தொன்பது வயதில் பந்தய ட்ரோன் கட்டுகிறேன் என்று வெளியே சொல்லத்தான் கூச்சம்.

வீட்டுக்காரர் லாரியை எங்கேயோ ஓரங்கட்டிவிட்டுப் போன் செய்தார். "சாப்பாட்டு மேஜையில ஹெலிகாப்டர் கட்டுறியாமே. இறங்க மொட்டை மாடியில வட்டம் போட்டு வைக்கணுமா?"

நக்கல் பண்ணட்டும். குனிந்து குனிந்தே என் கழுத்து போய்விட்டது. நிமிர்ந்து பார்க்க எனக்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான்.

எதிரே குட்டி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவருடைய தங்கை. ஐந்தடி எட்டங்குலம், முப்பத்து நாலு வயது, நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். வீட்டில் இன்னமும் குட்டிதான். புருஷனை விட்டு ஒரே ஒரு பெட்டியோடு இங்கே வந்து பதினோரு மாதம் ஆகிறது. எங்களுக்குள் சண்டை வந்ததில்லை, பேச்சும் வந்ததில்லை. "அண்ணி, டீ போடட்டுமா?" "போடேன்." பதினோரு மாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்.

மார்ச் 9, சனி

எழுதக் கை ஓடவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மோட்டார்கள் சரியான பக்கம் சுற்றுகின்றனவா என்று பார்க்க ட்ரோனைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, பேட்டரியை மாட்டினேன். மோட்டார் முனையில் சுழலும் இறக்கைகளைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். தெரியும். படித்திருக்கிறேன். சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். இரண்டு நிமிட வேலைக்கு நாலு நட்டைக் கழற்றி மறுபடி மாட்டணுமா என்று — என்ன திமிர் எனக்கு! மெல்லச் சுற்றவிடத்தான் நினைத்தேன். மவுஸ் வழுக்கியது. நாலும் ஒரே நேரத்தில், முழு வேகத்தில்.

மேஜையில் இருந்ததை அடித்துத் தள்ளிக்கொண்டு அது நேராக எதிர்ப்பக்கம் பாய்ந்தது. அங்கே குட்டி டீ குடித்துக்கொண்டிருந்தாள். முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாள்.

இடது உள்ளங்கையில் நாலு தையல், சுண்டுவிரலில் இரண்டு. நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். மூன்று வாரம் தண்ணீரில் இறங்கக் கூடாது.

கை தூக்க ஒரு நொடி தாமதித்திருந்தால்? கண்ணுக்குப் போயிருந்தால்? ஐயோ.

அவர் போன் செய்தபோது அவளே எடுத்தாள். "ஒண்ணுமில்லண்ணா, குளத்தோரம் டைல்ஸ் உடைஞ்சு கிடந்துச்சு. கிழிச்சிடுச்சு." நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

ட்ரோனை அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே தள்ளிவிட்டேன்.

மார்ச் 14, வியாழன்

வேலை முடிந்து வந்தால் பெட்டி மேஜையில் இருக்கிறது. ஒற்றைக் கையால் இறக்கியிருக்கிறாள்.

"இதை என்ன பண்ணப் போறீங்க அண்ணி?"

"தூக்கிப் போடப் போறேன்."

"ஏன்?"

"உன் கையை வச்சுக்கிட்டு ஏன்னு என்னைக் கேக்குறியா?"

அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினாள், குளத்தோரம் நின்று பேசுகிறவர்கள் மாதிரி. "ஒரு பிள்ளை தண்ணி குடிச்சிடுச்சுன்னு குளத்தையே மூடிடுறோமா? எங்க தப்புன்னு பார்ப்போம். மறுநாள் அதே பிள்ளையை அதே இடத்துல இறக்குவோம்."

"அது வேற."

"வேற இல்ல. எனக்குக் கோபம் எதுல தெரியுமா? நான் எதிர்லயே உக்காந்திருந்தேன். 'கொஞ்சம் தள்ளிப் போ குட்டி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் இருக்கிறதே உங்களுக்குத் தெரியல."

உண்மைதான். அவள் அங்கே இருப்பது எனக்குத் தெரியவே இல்லை. அன்றைக்கு மட்டுமா தெரியவில்லை?

மன்னிப்புக் கேட்டேன். ஐந்து நாள் தாமதம். "சரி விடுங்க, டீ போடுங்க. இன்னைக்கு உங்க முறை" என்றாள்.

மார்ச் 16, சனி

அவர் காலையில் வந்து இறங்கினார். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். டைல்ஸ் இல்லை, நான்தான் என்று.

கரண்டியைக் கீழே வைத்தார். குட்டியைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்தாள். "எனக்காகத்தான் பொய் சொன்னா" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. "நான் தினமும் டயரை உதைச்சுப் பார்த்துட்டுதான் வண்டியில ஏறுறேன். பதினெட்டு வருஷமா. உதைக்காம ஏறினா என்ன ஆகும்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஏன்னா உதைக்காம ஏறினதே இல்ல" என்றார். பிறகு சாப்பிட்டார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

தையல் பிரித்து ஒரு வாரம். தழும்பு இளஞ்சிவப்பாக இருக்கிறது. குட்டி தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

வீட்டில் இப்போது சட்டம் கடுமையாகிவிட்டது. இறக்கைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. டப்பா குட்டியிடம். மேஜையில் வேலை நடக்கும்வரை டப்பா திறக்காது. மைதானத்துக்குப் போய், எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கேட்டு வாங்க வேண்டும். பேட்டரியைத் தீப்பிடிக்காத பையில் வைத்து, வெறும் சிமெண்டுத் தரையில்தான் சார்ஜ் போட வேண்டும். ஏறி முடியும்வரை பக்கத்தை விட்டு யாரும் நகரக் கூடாது. அந்த முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் பால்கனியில் உட்கார்ந்து பேட்டரியைக் காவல் காக்கிறோம். வேறு வேலை இல்லாததால் பேசுகிறோம்.

கம்ப்யூட்டரில் பறக்கும் பயிற்சியும் நடக்கிறது. இன்று மட்டும் முப்பது தடவை விழுந்தேன்.

"நீச்சல் தெரியாதவங்க தண்ணியை அடிக்கிற மாதிரி அந்த ரிமோட் குச்சியைப் போட்டு அடிக்கிறீங்க. சும்மா தொடுங்க, அது போகும்" என்றாள்.

தொட்டேன். போனது.

ஏப்ரல் 14, ஞாயிறு

ஊருக்கு வெளியே, மூடிப்போன தொழிற்சாலைக்குப் பின்னால் மைதானம். பதினைந்து பேர் சேர்ந்து அனுமதி வாங்கிப் பறக்கிறார்கள். குழுவை நடத்துபவர் ஒரு பல் டாக்டர். புதிதாக வருகிறவர்களின் ட்ரோனை அவர் சோதித்து விட்டால்தான் பறக்கலாம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிற மாதிரியே என் ட்ரோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பற்றவைப்பைப் பார்த்துப் புருவம் உயர்ந்தது. கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இறக்கை இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டு, "ரிமோட்டை அணைங்க" என்றார். அணைத்தேன். மோட்டார்கள் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தன.

"நடுவானத்துல சிக்னல் போச்சுன்னா இது எங்கம்மா போய் நிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. யார் தலையில் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அமைப்பைச் சரிசெய்துகொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பும் வழியில் எனக்கு அழுகை முட்டியது. குட்டிதான் வண்டி ஓட்டினாள். "நல்லதுதானே அண்ணி. இதைத் தரையில கண்டுபிடிச்சிட்டோம்" என்றாள்.

ஏப்ரல் 15, திங்கள்

சரிசெய்துவிட்டேன். ரிமோட்டை அணைத்தால் மோட்டார் செத்துப்போகிறது. இருபது தடவை அணைத்துப் பார்த்தேன். இருபத்தொன்றாவது தடவை குட்டி அணைத்தாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பறந்தேன்!

முழுசாக எழுத வேண்டும். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். குட்டி பின்னால் நின்றாள். கண்ணை மூடுகிற அந்தக் கண்ணாடியை மாட்டினால் ட்ரோனின் கேமரா பார்ப்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். பக்கத்தில் யானை வந்து நின்றாலும் தெரியாது. அதனால்தான் ஒவ்வொருவருக்கும் பின்னால் வெறுங்கண்ணால் பார்க்க ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று சட்டம்.

"இறக்கை?"

"நாலும் இறுக்கிட்டேன்."

"பேட்டரிப் பட்டை?"

"இழுத்துப் பார்த்துட்டேன்."

"சுத்தியும் ஆள் இல்ல. கிளம்புங்க."

புல் கீழே விழுந்தது. நான் மேலே போகவில்லை, பூமிதான் கீழே போனது. தொழிற்சாலைக் கூரை, அதன் மேல் தேங்கிய மழைநீர், நீரில் வானம். ஒரு திருப்பம் திருப்பினேன், அடிவானம் சாய்ந்தது. அந்தக் கூரையைத் தினமும் பேருந்திலிருந்து பார்க்கிறேன். மேலே இவ்வளவு நீலம் கிடப்பது தெரியாமல்!

இறங்கும்போது பார்த்தால், தூரத்தில் நாற்காலியில் குறுகி உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் நான்தான். நாலு நிமிடம். கண்ணாடியைக் கழற்றிய பிறகும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து இன்றைக்குத்தான் கேட்கிறேன். ரொம்பச் சத்தமாகச் சிரிக்கிறாள்.

மே 1, புதன்

மழை. பறக்கவில்லை. நட்டுகளை இறுக்கினேன்.

மே 11, சனி

பேட்டரிக் காவலில் குட்டி தானாகச் சொன்னாள். புருஷன் வீட்டில் அடி உதை ஒன்றும் இல்லையாம். "கூப்பிட்டா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க அண்ணி. அஞ்சு வருஷம். ஒரு கட்டத்துல கூப்பிடுறதையே நிறுத்திட்டேன்."

நான் என்ன சொல்ல? நானும்தானே பதினோரு மாதம் திரும்பிப் பார்க்கவில்லை. அதைச் சொன்னேன். "தெரியும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பேட்டரி ஏறிவிட்டது, கழற்றினோம்.

மே 19, ஞாயிறு

பந்தயம். பதினாலு பேர். இறுதிப் போட்டிக்கு நாலு பேர், அதில் நான்! அவர் விடுப்புப் போட்டுவிட்டு வந்து எல்லைக் கயிற்றுக்கு வெளியே நின்றார். விசில் அடிக்கத் தெரியாதவர் விசில் அடிக்க முயன்றுகொண்டிருந்தார்.

காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. வழக்கம்போல் குட்டி எனக்குப் பின்னால் நின்றாள். மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் நுழைந்து போகப் பத்து வளையம். இரண்டாம் சுற்றின் முடிவில் நான் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தேன். முன்னால் போகிறவரின் வால் விளக்கு தெரிகிறது. பிடித்துவிடலாம். ஏழாவது வளையத்தை நோக்கிச் சாய்கிறேன் —

"நிறுத்து!"

படத்தில் ஒன்றும் இல்லை. வளையம், புல், வெயில். எல்லாம் சரியாக இருந்தது. என் கண் 'போ' என்றது. ஆனால் விரல் அதற்குள் பொத்தானைத் தட்டிவிட்டது. மோட்டார்கள் நின்றன. வானமும் தரையும் மாறி மாறி உருண்டன, பிறகு முகத்துக்கு நேரே புல்.

கண்ணாடியைக் கழற்றினேன். ஏழாவது வளையத்துக்கு அந்தப் பக்கம், எனக்குத் தெரியவே முடியாத இடத்தில், ஒருவர் குனிந்து நின்றுகொண்டிருந்தார். காற்றில் பறந்த தொப்பியை எடுக்கக் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடி வந்திருக்கிறார். என் ட்ரோன் அவருக்குப் பத்தடி முன்னால் கிடந்தது. அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்றே தெரியாமல் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

குட்டிக்கு உதடு வெளுத்திருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பல் டாக்டர் எல்லோரையும் இறக்கினார். பந்தயத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்கள். என் ட்ரோனுக்கு ஒரு கை முறிந்து, கேமரா நசுங்கிவிட்டது. மூன்று பேர் பறந்தார்கள், நான் பார்த்தேன். வருத்தமா? கொஞ்சம். இல்லை, நிறையவே. அந்த வால் விளக்கைப் பிடித்திருப்பேன்.

அவர் வந்து, "நாலாவது இடம்! சும்மாவா? ஃபைனல்ல மொத்தம் எத்தனை பேர்?" என்றார்.

"நாலு."

மூன்று பேரும் புல்லிலேயே உட்கார்ந்து சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வண்டியில் ஏறும்போது குட்டி, "சாரி அண்ணி. அவசரத்துல 'நிறுத்து'ன்னுட்டேன், மரியாதை இல்லாம" என்றாள்.

"இனிமே அப்படியே சொல்லு. அந்த நேரத்துல 'ங்க'ன்னு ரெண்டு எழுத்து வீணாக்கலாமா?"

மே 22, புதன்

பல் டாக்டர் போன் செய்தார், எனக்கு இல்லை, குட்டிக்கு. இனி பந்தய நாளில் பின்னால் நிற்கிறவர்களுக்கெல்லாம் அவள்தான் தலைமை. அவள் கத்தினால் எல்லா ட்ரோனும் இறங்க வேண்டும். எத்தனை பேரைக் கண்காணிக்க முடியும் என்று கேட்டிருக்கிறார். "தண்ணியில ஒரே நேரத்துல முப்பது தலையை எண்ணுறேன் சார். இது காய்ஞ்ச தரைதானே" என்றாளாம். எவ்வளவு தோரணை!

ஜூன் 1, சனி

ட்ரோனின் முறிந்த கையை மாற்றிவிட்டேன். புதுக் கேமரா. இறக்கை டப்பா குட்டியிடம் பத்திரம். குச்சியைத் தொடவா என்று கேட்டாள். கம்ப்யூட்டரில் உட்காரவைத்தேன். முதல் நாளே பதினோரு தடவைதான் விழுந்தாள். எனக்குப் பொறாமை.

ஜூன் 16, ஞாயிறு

இன்று குட்டி பறந்தாள். நான் பின்னால் நின்றேன்.

நிற்பது இவ்வளவு பெரிய வேலை என்று தெரியாது. ஒரு கண்ணை ட்ரோன் மேல் வைத்துக்கொண்டு, மறு கண்ணால் மைதானம் முழுவதையும் துழாவ வேண்டும். கயிற்றோரம் சைக்கிள் உருட்டிக்கொண்டு போகிறவர், கிழக்கே தாழப் பறக்கும் கொக்குகள், தண்ணீர்ப் பாட்டிலைத் தேடி எழுந்திருக்கும் பல் டாக்டர். அவளுடைய பின்கழுத்தில் வியர்வை. கூந்தலைத் தூக்கிக் கட்டியிருந்தாள், கண்ணாடிப் பட்டை சிக்காமல்.

முதல் சுற்று மெதுவாக. இரண்டாவது கொஞ்சம் தைரியமாக. மூன்றாவதில் கூரைக்கு மேலே ஏற்றினாள். அங்கே போனதும் சட்டென்று பேச்சு நின்றது. எனக்குத் தெரியும், அந்த நீலத்தைப் பார்த்திருப்பாள்.

அப்புறம், கண்ணாடிக்குள்ளிருந்தே, தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"அண்ணி, இருக்கியா?"

"இருக்கேன். ஆள் யாரும் இல்ல. நீ சுத்து."