பால் சர்க்கரை

1998 ஜூலை 9, வியாழன்
காலையிலிருந்தே புழுக்கம். பையன் பிறந்து எட்டாம் நாள். குடித்த பாலெல்லாம் வாந்தி. கண்ணில் மஞ்சள். மூத்தவளுக்கும் இப்படித்தான் தொடங்கியது. பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள். நாலு வருடம் ஆகிறது. காமாலை என்றார்கள்.
மாமியார்: "பால் குடுத்துகினே இரு, தேறிடும்." அன்றும் இதேதான் சொன்னார்.

ஜூலை 10, வெள்ளி
இங்கே ஆரணி டாக்டர் சிறுநீரில் குளுக்கோஸ் பட்டையை நனைத்தார். நிறம் மாறவில்லை. சர்க்கரை இல்லையாம். மனசு கேட்கவில்லை. வேதியியல் நடத்துகிறவள் நான். வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டுப் போய், என் பள்ளியிலிருந்து, சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் பெனடிக்ட் கரைசல் வாங்கி வந்தார். சிறுநீர் நாலைந்து சொட்டு விட்டு, குழாயைக் கொதிநீரில் வைத்தேன். நீலம் பச்சையாகி, செங்கல் நிறத்துக்கு வந்தது. சர்க்கரை இருக்கிறது. பட்டை காட்டுவது குளுக்கோஸை மட்டும்; அது இல்லை. பின்னே எது?
ப்ளஸ் டூ வகுப்பில் போர்டில் எழுதுவது:
ஒற்றை – குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், கேலக்டோஸ்
இரண்டு கோத்தது – சுக்ரோஸ் (கு+ஃபி), மால்டோஸ் (கு+கு), லாக்டோஸ் (கு+கே)
மூன்று – ராஃபினோஸ்
லாக்டோஸ் தாய்ப்பாலில் இருப்பது. பேனாவை வைத்துவிட்டேன்.

ஜூலை 11, சனி. வேலூர்
முதல் பஸ். செங்கல் நிறம் என்றதும் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். தாய்ப்பால் உடனே நிறுத்தம். சோயா மாவுப் பால் மட்டும். லாக்டோஸ் குடலில் இரண்டாக உடையும். குளுக்கோஸ் செலவாகிவிடும். கேலக்டோஸை மாற்றும் நொதி இவனுக்கு இல்லை போல. அது ஈரலைக் கெடுக்கிறது.
மூத்தவளைப் பற்றிக் கேட்டேன்.
"அதுவாத்தாம்மா இருந்திருக்கும். அப்ப உங்களுக்குத் தெரிய வழியில்ல."
கடைசி நாள் அவளுக்கு உறிஞ்சத் தெம்பில்லை. பிழிந்து, சங்கில் ஊற்றிப் புகட்டினேன்.

ஜூலை 14, செவ்வாய்
ரத்த முடிவும் அதேதான். வாந்தி நின்றது. எடை கொஞ்சம் ஏற்றம். எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல். பிழிந்து கழிவறையில் கொட்டினேன். மாமியார் ஊரிலிருந்து வந்தார். எல்லாம் சொல்லிவிட்டேன். "நான்தானேம்மா குடு குடுன்னேன்" என்று சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 16, வியாழன்
மழைத் தூறல். நர்ஸ் படிவம் நிரப்பினார். முதல் குழந்தையின் பெயர்? வைக்கும் முன்பே போய்விட்டது என்றேன். அந்த இடத்தில் கோடு போடப் போனார்.
"கோமதின்னு எழுதுங்க, சிஸ்டர்" என்றார் வீட்டுக்காரர்.
நாலு வருடத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர். எனக்கே தெரியாத பெயர். நர்ஸுக்குக் காதில் விழவில்லை போல. இன்னொரு தரம், நிறுத்தி, சொன்னார்.